வளர விட்டுக் கட்டின வள்ளம்

உங்களில ஆருக்காவது அளவான சப்பாத்துப் போட்டு வளந்த ஞாபகம் இருக்கோ? எனக்கு இல்லை. எங்கட வயசுப் பெண்டுகளில எவளைக் கேட்டாலும் ஒரு கதை வைச்சிருப்பாள். நுனியில பஞ்சு அடைஞ்ச சப்பாத்து, முழங்காலுக்குக் கீழ தொங்கின யூனிபோம், கைவிரலை விழுங்கின சுவெற்றர். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தையுங்கோ" எண்டது எங்கட தாய்மாருக்குத் தேவாரம் மாதிரி. என்ர அம்மா சட்டைக் கரையில மடிப்பு மடிப்பா வைச்சுத் தைச்சு, வருசத்துக்கு ஒண்டாப் பிரிச்சு விடுவா. மடிப்பு இருந்த இடத்தில துணி வெளிறாமல் ஒரு கோடு நிக்கும். பள்ளிக்கூடத்தில வெள்ளைக்காரப் பிள்ளையள் அதை ஏதோ டிசைன் எண்டு நினைச்சவை.

இப்ப நாங்களும் பேத்திமாருக்கு அதைத்தானே செய்யிறம். அவளவை "அம்மம்மா, இட்ஸ் டூ பிக்" எண்டு கத்தக் கத்த, "அடுத்த வருசம் அளவா வரும் பிள்ளை" எண்டு சொல்லி வாங்கிக் குடுக்கிறம். சட்டையும் சப்பாத்தும் எண்டால் பரவாயில்லை. எனக்கு ஒரு வள்ளத்தையே வளர விட்டுக் கட்டினவை. சிரிக்காதேங்கோ. முதல்ல நானும் சிரிச்சுத்தான் இந்தக் கதையைச் சொல்லுறனான், பேந்துதான் சத்தம் மாறும்.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. பென்டில் ஹில்லில எங்கட தெருவில நாங்கள் மட்டும்தான் தமிழ். இண்டைக்கு அந்த ஸ்ரேசனடியில இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டித் தருவினம்; அண்டைக்கு ஒரு பச்சை மிளகாய்க்கு அப்பா காரை எடுத்துக்கொண்டு சிட்னியைச் சுத்துவார். அப்பா ஊரில நீர்ப்பாசனக் கந்தோரில வாய்க்காலும் மதகும் வரைஞ்சவர். இஞ்ச வந்தும் ஒரு கந்தோரில தண்ணிக் குழாய் வரைஞ்சுகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தண்ணிக்கு வழி கீறின மனுசனுக்கு நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் சப்பாத்தும் கழட்டாமல் மணலில நிண்டு, "அலை கிட்ட வருது, இஞ்சால வா, இஞ்சால வா" எண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

பக்கத்து வீட்டில என்ர வயசில ஒரு பிள்ளை. மூக்கு முழுக்கப் புள்ளி, முழங்கால் முழுக்கக் காயம். நாங்கள் வந்து இறங்கின அண்டைக்கே வேலிப் பலகைக்கு மேலால தலையை நீட்டி, "உங்களிட்ட நாய் இருக்கோ?" எண்டு கேட்டவள். அந்தக் குடும்பம் ஞாயிறு எண்டால் காருக்கு மேல கயாக் எண்டுற ஒராள் வள்ளங்களைக் கட்டிக்கொண்டு பென்ரித் பக்கம் நேப்பியன் ஆத்துக்குப் போயிடும். திங்கட்கிழமை அவள் தோல் உரிஞ்ச மூக்கோட வந்து கதை சொல்லுவாள். ஆத்தில மேல போகப் போக ஒரு வளைவு வருமாம். வளைவு தாண்டினால் ரண்டு பக்கமும் மலை நெருங்கி நிக்குமாம். அதுக்குள்ள ஒரு தட்டைப் பாறை. றோட்டு இல்லை, நடந்தும் போகேலாது, வலிச்சுக்கொண்டுதான் போகவேணும். அந்தப் பாறையில நிண்டு கத்தினால் எதிர்ப்பக்க மலை அதைத் திருப்பிக் கத்துமாம்.

"பேரைக் கத்தினால் பேரைச் சொல்லுமோ?" எண்டு கேட்டன்.

"சொல்லும். ரண்டு தரம் சொல்லும்" எண்டாள்.

எனக்கு அது நெஞ்சுக்குள்ள போய் இருந்திட்டுது. ஏனெண்டால் அந்த நேரம் எனக்கு முழுப்பேர் கிடையாது. பள்ளிக்கூடத்தில ரீச்சர் முதல் நாளே என்ர பேரை வாய்க்குள்ள போட்டு உருட்டிப் பாத்து, ஏலாமல், பாதியா முறிச்சு ஒரு துண்டை எனக்குத் தந்தவ. மற்றத் துண்டு எங்க போச்சுதோ தெரியாது. வீட்டில எண்டால் நான் "பிள்ளை". அதால என்ர பேரை முழுசா ஆரும் சொல்லி நான் கேட்டுக் கனகாலம். அந்த மலையாவது சொல்லுமோ எண்டு பாக்கவேணும். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னால் பகிடி பண்ணுவினம். அப்பாட்ட சொன்னதெல்லாம், "எனக்கும் ஒரு கயாக் வேணும், அந்தப் பாறையடிக்குப் போகவேணும்" எண்டு மட்டும்தான்.

"அது என்ன பெரிய வேலை? நான் கட்டுறன்" எண்டார் அப்பா. "குளத்துக்கு மதகு வரைஞ்சவனுக்கு ஒரு வள்ளம் வரையத் தெரியாதோ?"

அம்மா குசினியில இருந்து எட்டிப் பாத்தா. "தண்ணியைக் கண்டால் காத தூரம் ஓடுற ஆளுக்கு வந்த வீரத்தைப் பார்" எண்டா.

ஆனால் அப்பா சொன்னால் சொன்னதுதான். லைப்ரரியில இருந்து புத்தகம் எடுத்துவந்து, மெல்லிய சீடார் மரக் கீற்றுகளைப் பக்கத்தில பக்கத்தில ஒட்டி வள்ளம் கட்டுற முறையைப் படிச்சார். அடுத்த கிழமை முன் அறையில கம்பளத்தைச் சுருட்டிப்போட்டு, சுவருக்கு ஒட்டுற கடுதாசிச் சுருளைப் பின்பக்கம் மேல வர விரிச்சு, உண்மையான அளவிலயே வரையத் தொடங்கினார். வளைவு கீறுறதுக்கு நீளமா ஒரு மெல்லிய சட்டத்தை வளைச்சு வைச்சு, அது நகராமல் இருக்க அம்மாவின்ர மீன் ரின்களை வரிசையா அதுக்குப் பக்கத்தில அடுக்கினார். நாங்கள் சோத்துக்கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு சுவரோரமா நடந்து திரிஞ்சம்.

பிறகு என்னைச் சுவரில முதுகு சாய்ச்சு, காலை நீட்டி இருத்தினார். இடுப்புக்கு ரண்டு பக்கமும் ரண்டு தடிச்ச புத்தகத்தை நெருக்கி வைச்சு, என்னை எழும்பச் சொல்லிப்போட்டு இடைவெளியை அளந்தார். முழங்கால் உயரம், பாத நீளம், கை விரிச்ச அகலம், எல்லாம் எடுத்தார். என்னை ஒரு மதகு மாதிரி அளந்தார் எண்டு வையுங்கோ. எனக்கு அது பெரிய சந்தோசம். அந்த நாட்டில எனக்கெண்டு, என்ர அளவுக்கு, செய்யிற முதல் சாமான் அதுதானே.

அப்பத்தான் அம்மா துவாயில கையைத் துடைச்சுக்கொண்டு வந்தா.

"இஞ்சேருங்கோ, இந்த அளவுக்கோ செய்யப்போறீங்கள்?"

"பின்ன? ஆளுக்கு அளவாத்தான் இருக்கவேணுமெண்டு புத்தகத்தில கிடக்கு."

"வளர்ற பிள்ளையல்லோ. இவ்வளவு மினைக்கெட்டுச் செய்து ஒரு வருசத்தில சின்னனாப் போனால்? கொஞ்சம் விட்டுச் செய்யுங்கோவன். கலியாணம் முடிக்குமட்டும் வைச்சு ஓடலாம்."

அப்பா பென்சிலைக் காதில சொருகிக்கொண்டு யோசிச்சார். எனக்கு அந்த முகம் இப்பவும் தெரியுது. புத்தகம் ஒண்டு சொல்லுது, பெண்சாதி ஒண்டு சொல்லுறா. ஆனால் அவரும் அதே தாய்மாரிட்ட வளந்தவர்தானே. விட்டுச் செய்யிறது எண்டால் அவருக்கும் புத்தி மாதிரித்தான் தெரிஞ்சிருக்கும்.

"எவ்வளவு விடுறது?" எண்டார். பிறகு என்னை மேலயும் கீழயும் பாத்து, "என்ர தங்கச்சி மாதிரி உயருவாள். அகலம்தான்... உம்மட அக்காமாரைப் பாத்தால் இன்னும் நாலு விரல் கூட்டவேணும் போல கிடக்கு."

"என்ர அக்காமாருக்கு என்ன குறையாம்?"

"குறையில்லையப்பா, கூடத்தான்."

அம்மா துவாயால அவருக்கு ஒண்டு போட்டா. ரண்டு பேரும் சிரிச்சினம். நான் இடுப்பைக் கையால மறைச்சுக்கொண்டு குசினிக்கு ஓடினனான். சிரிச்சுச் சிரிச்சு அப்பா அழிறப்பரால என்ர கோட்டை அழிச்சு, நான் ஆகப்போற ஆருக்கோ ஒரு புதுக் கோடு கீறினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கராஜில வேலை. ஒட்டுப்பலகையில வள்ளத்தின்ர வயித்துக் குறுக்குவெட்டு அச்சுகளை வெட்டி வெட்டி, ஒரு நீளச் சட்டத்தில வரிசையா நிறுத்தினார். மீன் முள்ளு மாதிரி இருந்துது. அதுக்கு மேலால விரல் அகல மரக் கீற்றை வளைச்சு, பசை பூசி, அடுத்த கீற்றை ஒட்டவேணும். பசை காயுமட்டும் இறுக்கிப் பிடிக்க அம்மாவின்ர உடுப்புக் கிளிப் முழுக்கக் கராஜுக்குப் போட்டுது. வெளியில சுத்துற கம்பியில உடுப்புக் காயப்போட ஒண்டும் மிச்சமில்லை. காத்தடிச்சால் அப்பாவின்ர சேட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடும். அந்தப் பிள்ளை அதைத் தடியில கொழுவிக்கொண்டு வந்து தருவாள். ரண்டு பேரும் கராஜுக்குள்ள நிண்டு கீற்றைப் பிடிச்சுக் குடுப்பம். அவள் ஒருக்கா வள்ளத்தைச் சுத்தி நடந்து பாத்துப்போட்டு, "இது உன்ர அப்பாவுக்கோ?" எண்டு கேட்டாள்.

"எனக்கு" எண்டன்.

"ஓ" எண்டாள். பேந்து அடுத்த கீற்றைத் தூக்கிப் பிடிச்சாள். நல்ல பிள்ளை.

சீடார் மணம் உங்களுக்குத் தெரியுமோ? சந்தனமுமில்லை, பென்சில் சீவின மணமுமில்லை, ரண்டுக்கும் நடுவில ஒண்டு. அப்பா கந்தோரால வந்து உடுப்பு மாத்தாமல் கராஜுக்குள்ள போவார். சோத்துக்கு வரேக்க அவற்ற புருவத்தில மரத்தூள் இருக்கும். அந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அவ்வளவு சந்தோசமா இருந்து நான் கண்டதில்லை. கந்தோரில அவர் வரைஞ்சதை ஆரோ திருத்துவினம். கராஜில திருத்த ஆளில்லை.

கடைசியில கண்ணாடி நார்த் துணியை மேல விரிச்சு ரெசின் பசை பூசின நாள் வந்துது. வேட்டி மாதிரி வெள்ளைத் துணி. ரெசின் பட்டவுடன அது கண்ணுக்கு முன்னால காணாமல் போய், உள்ளுக்குள்ள மரம் தேன் நிறத்தில எழும்பி வந்துது. அம்மாவைக் கூப்பிட்டம். "சிவனே, என்ன வடிவு" எண்டு குனிஞ்சு பாத்தா. தலை முழுகி முடி விரிச்சபடி வந்தவ, நீளமான ஒரு தலைமயிர் விழுந்து ரெசினில ஒட்டிப்போச்சு. அப்பா குண்டூசியால எடுக்கப் பாத்தார், வரேல்ல. "இனி உம்மட மயிர் இல்லாமல் இந்த வள்ளம் ஓடாது" எண்டார். அது அப்பிடியே முன்பக்க மேல்தட்டில சுருண்டு காஞ்சுது.

கோடை தொடங்கின ஒரு ஞாயிறு, ரண்டு குடும்பமும் பென்ரித்துக்குப் போனம். கரையில சவுக்கு மரம், தாரா, சொசேஜ் சுடுற புகை. வெள்ளைக்காரர் வந்து வந்து வள்ளத்தைத் தடவிப் பாத்தினம். அப்பா நெஞ்சை நிமித்திக்கொண்டு கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். நான் ஏறி இருந்தன்.

ஐயோ, அதை எப்பிடிச் சொல்ல? பெரிய தொட்டிக்குள்ள விழுந்த கோழிக்குஞ்சு எண்டு நினையுங்கோ. சுத்தி மரம் என்ர கமக்கட்டு மட்டும் வந்து நிக்குது. துடுப்பைத் தண்ணியில வைக்க முதல் விரல் மொளி விளிம்பில அடிபடுது. கால் எட்டவேண்டிய இடத்தில ஒண்டுமில்லை. இடுப்புக்கு ரண்டு பக்கமும் வெறும் காத்து. நான் இடப்பக்கம் சரிஞ்சால் நான் மட்டும் சரியிறன், வள்ளம் தன்ர பாட்டில நிக்குது. அம்மா கரையில இருந்து தலையணை எறிஞ்சா. அதுக்கு மேல காரில கிடந்த ரெலிபோன் புத்தகத்தையும் வைச்சு இருத்திச்சினம். உயர்ந்தவுடன வள்ளம் ஆடத் தொடங்கிச்சுது. காத்து வந்து முகப்பைப் பிடிச்சுத் திருப்ப, நான் சுத்திச் சுத்திக் கோரைப்புல்லுக்குள்ள போய் நிண்டன்.

அந்தப் பிள்ளை தன்ர சின்னக் கயாக்கில என்னைச் சுத்திச் சுத்தி வந்தாள். "கெதியா வா, வா" எண்டு கூப்பிட்டுப் பாத்தாள். கனநேரம் நிண்டாள். பிறகு தகப்பன் கூப்பிட, வளைவு தாண்டிப் போயிட்டாள். நான் புல்லுக்குள்ள இருந்து காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன். தூரத்தில அவள் தன்ர பேரைக் கத்தினது கேட்டுது. பிறகு, சொன்ன மாதிரியே, மலை அதைத் திருப்பிச் சொன்னது.

காரில வரேக்க நான் அழுதனான். அப்பா கண்ணாடியில என்னைப் பாத்து, "ஒரு சொட்டு ஒழுகேல்ல, கண்டனியே" எண்டார். அம்மா திரும்பி என்ர முழங்காலைத் தடவினா. "அடுத்த வருசம் அளவா வரும் பிள்ளை. சட்டையெல்லாம் அப்பிடித்தானே வந்துது."

அம்மா சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வருசத்தில நான் வளந்த வளர்த்தி! கராஜில வள்ளம் மரக்குதிரை எண்டுற நாலுகால் தாங்கியில இருந்துது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன போய் ஏறி இருந்து பாப்பன். பால் குடிக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்காமல் குடிச்சன். முதல்ல முழங்கை விளிம்புக்கு மேல வந்துது. பிறகு கால் எட்டிச்சுது. கண்டபடி சோறு சாப்பிட்டன். பெரியம்மாமாற்ற இடுப்பு வரவேணுமெண்டு நேர்த்தி வைக்காததுதான் குறை.

அடுத்த கோடை வாசலில நிண்டுது. தெருவெல்லாம் ஜக்கரண்டாப் பூ விழுந்து ஊதாவாக் கிடக்கு. ஒரு பின்னேரம் ஏறி இருந்தன். இடுப்பு ரண்டு பக்கமும் மெல்லத் தொட்டுது. முழங்கால் மேல்தட்டுக்குக் கீழ போய் ஒட்டி நிண்டுது. நான் சரிய, வள்ளமும் என்னோட சேந்து மரக்குதிரையில சரிஞ்சுது. இப்ப இது என்ர உடம்பு மாதிரி. கராஜ் தும்புத்தடியைத் துடுப்பாப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடி வலிச்சன், வலிச்சுக்கொண்டே இருந்தன். கண்ணைத் திறந்து பாத்தால் கதவடியில அப்பா, கந்தோர் பையோட நிக்கிறார். எவ்வளவு நேரம் நிண்டாரோ தெரியாது.

"வாற ஞாயிறு" எண்டார்.

நான் வேலிக்கு ஓடிப்போய் அந்தப் பிள்ளைக்குச் சொன்னன். ரண்டு பேரும் குதிச்சம். வெண்ணெய் திரளேக்க தாழி உடைஞ்ச கதை தெரியும்தானே? ஞாயிறு வர முதல் நான் பெரியபிள்ளையாகிட்டன்.

உங்களுக்குத் தெரியாததோ? உங்கள் எல்லாருக்கும் நடந்ததுதானே. முட்டையும் நல்லெண்ணெயும், மூலைக் கதிரையும், சனத்துக்கு ரெலிபோனும். எங்கட வளவிலதான் சடங்கு. சிட்னியில இருந்த அத்தனை தமிழ்க் குடும்பமும் வந்துது. மெல்பேண் நோபல் பார்க்கில இருந்து ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்கக் காரோடி வந்தவை. எனக்குச் சிவப்புச் சீலை கட்டி, பொய்க் கொண்டை வைச்சு, பூவால மூடி, பின் அறையில இருத்தியிருந்தினம். அண்டைக்கு அனல் வெய்யில். வந்த சனத்துக்குச் சோடா குளிர விட எங்கட சின்ன ஃபிரிஜ் எந்த மூலைக்கு?

ஆற்ற யோசனையோ தெரியாது. யன்னலால பாக்கிறன், அப்பாவும் ரண்டு அங்கிள்மாரும் கராஜுக்குள்ள இருந்து என்ர வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு வருகினம். புல்லில வைச்சு, நான் இருக்கிற வாய்க்குள்ள மூட்டை மூட்டையா ஐஸ் கொட்டினவை. அதுக்குள்ள சோடாப் போத்தில், பியர்ப் போத்தில். சனம் சுத்தி நிண்டு கையை விட்டுத் துழாவி எடுக்குது. அப்பா ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் காட்டுறார்: "பாருங்கோ, ஒரு சொட்டு ஒழுகேல்ல. பாருங்கோ." அவற்ற முகத்தில என்ன பெருமை!

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வடையைக் கடிச்சுக்கொண்டு என்னட்ட வந்தாள். என்ர கொண்டையையும் நகையையும் பாத்தாள். பிறகு யன்னலால வள்ளத்தைப் பாத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அதைக் கழுவித் தருவினமோ?" எண்டு கேட்டாள்.

அடுத்த ஞாயிறு விடிய நான் அரைக் காச்சட்டை போட்டுக்கொண்டு நிண்டன். அம்மா முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டிருந்தா, உள்ளுக்குப் பச்சை மிளகாயும் வைச்சு. கராஜுக்குப் போய்ப் பாத்தால் மரக்குதிரை வெறுமையாக் கிடக்கு. அண்ணாந்து பாத்தன். வள்ளம் கூரைச் சட்டத்தில கயிறு போட்டுக் கவிழ்த்துக் கட்டியிருக்கு.

அப்பாவும் அம்மாவும் குசினியில சண்டை பிடிச்சது எனக்கு வடிவாக் கேட்டுது.

"ஊரைக் கூட்டிப் பிள்ளை பெரிசாகிட்டாள் எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த கிழமையே அரைக் காச்சட்டையோட ஆத்தில விடுறதோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?" எண்டார் அப்பா.

"எந்த ஆக்கள்? வந்த சனம் எல்லாம் வீட்டை போட்டுது. இந்தத் தெருவில ஆர் இருக்கினம் கதைக்க?"

"நீர் சும்மா இரும். உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்கேல்லத்தான்" எண்டா அம்மா. சத்தம் உடைஞ்சுது. "நான் விசரி, வளர விட்டுக் கட்டுங்கோ எண்டு சொன்னனான். நீங்களும் கட்டினீங்கள். இப்ப பிள்ளை வளந்திட்டாள். பிறகென்ன?"

கதிரை இழுபட்ட சத்தம் கேட்டுது. "அடுத்த வருசம் பாப்பம்" எண்டார் அப்பா.

வேலிக்கு அங்கால கார் ஹோண் அடிச்சுது. ஒருக்கா அடிச்சுது, கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா அடிச்சுது. பிறகு போயிட்டுது. அந்தச் சாண்ட்விச்சை நானும் அம்மாவும் கராஜ் படியில இருந்து சாப்பிட்டம். அம்மா கூரையைப் பாத்துக்கொண்டே சப்பினா.

அடுத்த வருசம் அந்தக் குடும்பம் குயின்ஸ்லாந்துக்கு வீடு மாறிப் போச்சு. அதுக்கடுத்த வருசம் எனக்குப் படிப்பு. பிறகு கம்பஸ், பிறகு கலியாணம். ஒவ்வொரு கோடையும் ஆரோ "அடுத்த வருசம்" எண்டு சொன்னவை. பிறகு பிறகு அதையும் ஒருத்தரும் சொல்லேல்ல. இப்ப வயசு போனாப்போல அப்பாவை விளங்கிக்கொண்டன் எண்டு சொல்லவேணும் போல கிடக்கு. தண்ணிக்குப் பயந்த மனுசன், புது நாடு, ஒரே பொம்பிளைப் பிள்ளை, எல்லாம் சரி. ஆனால் உங்களுக்கு ஏன் பொய் சொல்லுவான்? எனக்கு இண்டைக்கும் கோவம்தான். என்ர உயரத்துக்கு விட்டார், என்ர அகலத்துக்கு விட்டார், கலியாணம் முடிக்குமட்டும் கணக்குப் பாத்து விட்டார். வளந்த பிள்ளை ஆத்துக்குப் போகும் எண்டதை மட்டும் அந்த மனுசன் கணக்கில எடுக்கேல்ல.

அம்மா போய்ச் சேந்த பிறகு அப்பாவை என்னோட கூட்டிவரவெண்டு அந்த வீட்டை ஒதுக்கினம். கராஜ் முழுக்கப் பழைய மெத்தை, கம்பளம், உடுப்புப் பெட்டி. என்ர மகன் ஏணி வைச்சு ஏறி வள்ளத்தை இறக்கினான். தூசி தட்டினால் அதே தேன் நிறம். முன் தட்டில அம்மாவின்ர தலைமயிர், கன்னங்கரேலெண்டு. அம்மா போகேக்க தலை முழுக்கப் பஞ்சு.

"ஏறிப் பாருங்கோம்மா" எண்டான் மகன். ஏறினன். பாதி இடுப்பில இறுகிப்போச்சு. பெரியம்மாமார் கைவிடேல்ல. மகன் விழுந்து விழுந்து சிரிச்சான், நானும் சிரிச்சன். அப்பா கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர், "இன்னும் ஒரு அங்குலம் கூட்டியிருக்கலாம்" எண்டார். பிறகு கையை நீட்டி, "என்னை ஒருக்கா இருத்தி விடுங்கோ" எண்டார்.

வயசாலயும் நோயாலயும் அப்பா வத்திப்போய் இருந்தார். நானும் மகனும் ரண்டு பக்கமும் பிடிச்சு மெல்ல இறக்கினம். இடுப்பு ரண்டு பக்கமும் மெல்லத் தொட்டுது. முழங்கால் மேல்தட்டுக்குக் கீழ போய் ஒட்டிச்சுது. தன்ர வாழ்நாளில அவர் ஏறி இருந்த முதல் வள்ளம் அதுதான். அவர் கையால அந்தத் தலைமயிரைத் தேடி, ரெசினுக்கு மேலால தடவினார்.

"அளவா இருக்கு பிள்ளை" எண்டார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கும் ஒருக்கா இப்பிடித்தான் இருந்துது. கதவடியில நிண்டு பாத்தனான். அச்சொட்டா இருந்துது."

அப்ப அவருக்குத் தெரிஞ்சிருந்தது. இவ்வளவு காலமும் தெரிஞ்சிருந்தது.

"கொம்மா அண்டைக்குக் கேட்டவ, பிறகென்ன எண்டு. அடுத்த வருசம் எண்டு சொல்லிச் சமாளிச்சன்" எண்டார். பிறகு, "அந்தப் பாறையடிக்கு என்னத்துக்கு அவ்வளவு அந்தரப்பட்டனீ?"

அப்பத்தான் முதல் தரம் சொன்னன். பள்ளிக்கூடத்தில பேரைப் பாதியா முறிச்சதை, மலை முழுசாச் சொல்லுமோ எண்டு கேக்க ஆசைப்பட்டதை. மகன் சிரிப்பை விட்டிட்டு வெளியில போயிட்டான்.

அப்பா விளிம்பை ரண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு நிமிந்து இருந்தார். கராஜின்ர அங்காலச் சுவரைப் பாத்து, இருந்த மூச்செல்லாத்தையும் சேத்து, தன்ர பேரை முன்னுக்கு வைச்சு, என்ர பேரை ஒரு எழுத்தும் விழுங்காமல் கத்திக் கூப்பிட்டார்.

மெத்தையும் கம்பளமும் உடுப்புப் பெட்டியுமாக் கிடந்த கராஜ். ஒண்டும் திரும்பி வரேல்ல. அவர் தலையைச் சரிச்சுக் காதைக் குடுத்தபடி இருந்தார்.

"என்னப்பா" எண்டு நான் குரல் குடுத்தன்.